உள்பக்கம் பூட்டிய வீடு

சென்னை விமான நிலையத்திலிருந்து அம்பத்தூர் மேனாம்பேட்டுக்குப் புறவழிச் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம். வாடகைக் காருக்கு எழுநூற்று ஐம்பது ரூபாய் கொடுத்தோம். வழி முழுக்க ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின் இருக்கையில் மகள் யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்றேன்.

"மெதுவாத்தாம்மா போய்கினு கீறேன். இதுக்கு மேல மெதுவா போனா பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏத்திடுவான்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவில் கிள்ளானை விட்டுக் கிளம்பியதிலிருந்தே எதைக் கண்டாலும் பயம். கணவர் குணாவை அவருடைய கம்பெனி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மூன்று வருடம் அனுப்பியிருந்தது. தாத்தா காலத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் இந்த மண்ணை மிதித்ததில்லை. பேசுவது தமிழ்தானே, என்ன பயம் என்று எல்லாரும் கேட்டார்கள். அடப் போங்கப்பா! பாஷை தெரிந்தால் பயம் போய்விடுமா? பயமுறுத்துகிற பேச்சு ஒவ்வொன்றும் நன்றாகப் புரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடு முதல் மாடியில். வந்திறங்கிய அன்றே நான் பெட்டியிலிருந்து எடுத்த முதல் பொருள் எங்கள் பூட்டு. கிள்ளானில் வீட்டுக்குள் இருக்கும்போதும் கம்பிக் கதவை உள்பக்கம் பூட்டித்தான் வைப்போம். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அதே வழக்கம். அவ்வளவு திருட்டு பார்த்தாயிற்று. உள்ளங்கை அகலப் பூட்டு, அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். இன்னொரு சாவி வீடு மாற்றுகிற களேபரத்தில் தொலைந்துபோனதால் கையில் இருந்தது ஒன்றுதான்.

இரண்டாவது நாள் மாலை ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்குப் போனோம். ஏற்கெனவே ஆறு பேர் உட்கார்ந்திருந்த வண்டியை நிறுத்தி, "ஏறும்மா, எடம் கீது" என்றார் ஓட்டுநர். எங்கே இருக்கிறது இடம்? முன்பின் தெரியாதவர்கள் மடியில் விழாத குறையாக உட்கார்ந்தேன். யாழினியின் கன்னத்தை ஒரு அம்மாள் செல்லமாகக் கிள்ளினாள். நான் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "பிள்ளை பிடிக்கிறவங்க இருப்பாங்க, பாத்து இரு லா" என்று கிள்ளானிலிருந்து அக்கா போனில், எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொல்லியிருந்தாள். அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அதனாலென்ன, நான் நம்பினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில் ஒருவர் குடை விரித்துச் சாவி செய்துகொண்டிருந்தார். குணா சட்டைப் பையில் கை விட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம வீட்டுச் சாவிய முகம் தெரியாத ஆள் கையில குடுக்கறதா? அவர் தனக்கொண்ணு செஞ்சி வச்சிக்கிட்டா?"

"ஒரே சாவிதான் இருக்கு லா, தேவி."

"இருக்கட்டும். நாந்தான் வீட்டுலயே இருக்கேனே."

உண்மையாகவே வீட்டிலேயே இருந்தேன். யாழினிக்குப் பள்ளி திறக்க இன்னும் நாள் இருந்தது. குணா காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். அதுவரை வாசல் கம்பிக் கதவில் பூட்டு, அதற்குப் பின்னால் மரக்கதவு, அதற்குத் தாழ்ப்பாள். தெருவில் பட்டாசு வெடித்தால் திடுக்கிடுவேன். தண்ணீர் கேன் போடுகிறவர் மாடியேறினால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் கீழ்வீட்டு சுமதி அக்கா மணியடித்தாள். பல்பு கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறவள், பகலில் வீட்டில்தான் இருப்பாள். நான் ஆள் இல்லாததுபோல அசையாமல் நின்றேன்.

"அம்மா உள்ளதான் இருக்காங்க ஆன்ட்டி!" என்று யாழினி கத்தினாள்.

வெளியே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "சரி கண்ணு, வஞ்சிர வறுவல் கீது. வாசல்ல வச்சிட்டுப் போறேன், பூன வர்றதுக்குள்ள எடுத்துக்க சொல்லு" என்றாள். எனக்கு மானம் போயிற்று. இருந்தாலும் அவள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். பூனை முந்திக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. முந்தின இரவு காஸ் தீர்ந்து, குணாவே புது சிலிண்டரை மாட்டியிருந்தார். காலையில் நான் யாழினியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவருக்கு அவசரம். பூட்டைத் திறந்தார், சாவியைக் கிள்ளான் பழக்கத்தில் பாக்கெட்டில் போட்டார், வெளியே போய்க் கம்பிக்குள் கைவிட்டுப் பூட்டை அழுத்தினார். போய்விட்டார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் நாற்றம் அடித்தது. அடுப்பங்கரையில் உஸ்ஸென்று சத்தம். ரெகுலேட்டரைத் திருகி அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. கழற்றினேன், இன்னும் பலமாகச் சீறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி மரக்கதவைத் திறந்தேன். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? யாழினி ஈரத் தலையோடு துண்டுக்குள், "அம்மா, நாறுது" என்றாள். பால்கனிக்கு ஓடினேன். அதற்கும் கம்பி. திருடன் ஏறிவிடக் கூடாதென்று, கிள்ளானிலிருந்தே படம் பார்த்து, கம்பி போட்ட வீடாகப் பிடித்தவளே நான்தான். குணாவை அழைத்தேன். அவர்கள் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐயோ, என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

"அக்கா! சுமதிக்கா!" என்று கம்பிக்குள் வாயை வைத்துக் கத்தினேன். முதன்முதலாக அவள் பெயரைச் சொன்னேன்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?" என்று வெளியே வந்தவளுக்கு நாற்றமே பாதியைச் சொல்லிவிட்டது. "சுச்சு கிச்சு எதையும் தொடாத! சன்னலெல்லாம் தொறந்து உடு! கொயந்தைய அங்கியே கம்பியாண்ட வச்சிகினு நில்லு!" புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டே படியேறினாள்.

அவள் புருஷன் மூர்த்தி லேத் பட்டறைக்காரர். அறுக்கும் ரம்பத்தோடு வந்தார். பொறி பறந்துவிடாமலிருக்க சுமதி அக்கா குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பூட்டு அசைந்துகொடுக்கவில்லை. "இத்த இன்னாத்துல செஞ்சாங்க? பேஜாரா கீதே!" என்று மூர்த்தி அண்ணன் கத்தினார். எல்லாத் திருடனையும் நினைத்து வாங்கிய பூட்டாயிற்றே! அவர் பூட்டை விட்டுவிட்டு அது மாட்டியிருந்த கொண்டியை அறுக்க ஆரம்பித்தார். யாழினியைப் பால்கனிக் கம்பியோரம் நிறுத்திவிட்டு, நான் பால்கனிக்கும் வாசலுக்கும் நடுவே நின்று, ரம்பம் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன்.

கொண்டி விழுந்தது. சுமதி அக்கா நேராகப் பால்கனிக்குப் போய், ஷேர் ஆட்டோவில் நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்ட அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே ஓடினாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. மூர்த்தி அண்ணன் சிலிண்டரின் மூடியைத் தேடி அழுத்திப் போட்டு, அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். கீழ்வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "ஒண்ணியும் ஆவலையே, சும்மா கெட. டீ குடி" என்று சுமதி அக்கா டம்ளரைக் கையில் திணித்தாள்.

மாலையில் குணா அறுபட்ட கதவைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார். "யாரு உள்ள வந்தா? யாழினி எங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தத்தானே தேவி பூட்டினேன்" என்றார்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பட்டாசு வெடித்தால் இன்னமும் திடுக்கிடுகிறேன். புதுக் கொண்டி வைத்து அதே பூட்டைத்தான் மாட்டியிருக்கிறோம். அதில்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஆனால் அடுத்த நாள் நானே ஷேர் ஆட்டோவில் ஓ.டி.க்குப் போய், குடைக்காரரிடம் எண்பது ரூபாய் கொடுத்து இன்னொரு சாவி செய்துகொண்டு வந்தேன். கிள்ளானில் பத்து வருஷம் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டு கம்பிக் கதவுக்கு நடுவே கையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். இங்கே வந்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. புதுச் சாவியைக் கொண்டுபோய் சுமதி அக்காவிடம் நீட்டினேன்.

அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கைல குடுக்குறியா? அப்டி இன்னாதாம்மா உள்ள வச்சிகினு கீற, இத்தாம்பெரிய பூட்டு? நகையா, நட்டா?"

"பிள்ளை இருக்குக்கா" என்றேன்.