பதினான்காம் பலூன்

பலூன் அக்கா பாத்திரம் தேய்க்கும்போது மூன்று குரலில் பேசுவாள். ஒன்று பள்ளிக்கூடப் பெண்ணின் குரல், கீச்சென்று. இன்னொன்று வகுப்பாசிரியருடையது, தொண்டைக் கரகரப்போடு. மூன்றாவது குரலுக்கு மட்டும் குழாயைப் பாதி மூடிவிடுவாள். அது கூச்சக்காரப் பையனின் குரல். தண்ணீர்ச் சத்தத்தில் எடுபடாது. தொட்டிக்கு மேலே சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் அன்றைய வசனத் தாள் ஒட்டியிருக்கும். உறையெல்லாம் நுரைத் தெறிப்பு.

இவ்வளவும் அளவெடுக்கத்தான். ஒரு டம்ளர் கழுவி முடிவதற்குள் சொல்லி முடிந்தால் அது சின்ன பலூனில் அடங்கும். ஒரு தட்டு ஆகிவிட்டால் நடுத்தர பலூன். குக்கர் வரை இழுத்துவிட்டால் வசனத்தை வெட்டியே தீர வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. மொழிபெயர்ப்பாளரோடு ஃபோனில் சண்டை போடுவதும் இதே அளவில்தான். “சார், நீங்க எழுதியிருக்கறது ரெண்டு தட்டு வசனம். அவங்க வரைஞ்சிருக்கறது டம்ளர் பலூன். நான் என்ன, காலால மிதிச்சா உள்ள தள்றது?”

மங்கா என்கிற வெளிநாட்டுச் சித்திரக் கதைகளைத் தமிழில் கொண்டுவரும் ஒரு சின்ன பதிப்பகத்தில் அவளுக்கு வேலை. ஆட்களின் வாயருகே மிதக்கும் வெள்ளைக் குமிழிகளில் இருக்கும் வேற்று மொழி எழுத்தை அழித்துவிட்டுத் தமிழ் எழுத்தைப் பொருத்த வேண்டும். குமிழிக்கு அங்கே பலூன் என்று பெயர். அவளுக்கு அதனால் பலூன் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வதில்லை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

சத்தங்களை மட்டும் அவள் கணினியில் அடிப்பதில்லை, கையால் வரைவாள். கதவு சாத்துவதற்கு ‘டமால்’ போதுமா, ‘படார்’ வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் எழுந்துபோய் ஸ்டோர் ரூம் கதவை இரண்டு முறை அறைந்து பார்ப்பாள். முதல் வாரம் பயந்தவர்கள் இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. “ரெண்டாவதுதான் நல்லா இருந்துச்சுக்கா” என்று ஏதாவது ஒரு மேசையிலிருந்து குரல் வரும்.

இந்தப் புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மேலும் கீழுமாகத்தான் அவருக்கு உலகம். இப்போது வந்துகொண்டிருக்கும் பள்ளிக்கூடக் காதல் கதையின் முதல் புத்தகத்தை இடமிருந்து படித்துவிட்டு, “என்னடி கதை இது? கோச்சுக்கிட்டுப் பிரிஞ்சுடறாங்க, அப்புறம்தான் ஒருத்தரை ஒருத்தர் யாருன்னே கேட்டுக்கறாங்க” என்றார். அடுத்த பத்து நிமிடத்துக்குச் சிரித்துச் சிரித்து வீட்டில் யாராலும் சாப்பிட முடியவில்லை.

ஆனாலும் அவர் விடாமல் படித்தார். ஆறாவது புத்தகம் முடிந்த அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. “ஆறு புத்தகம்! இன்னும் கையைக்கூடப் பிடிக்கல. இவனெல்லாம் ஒரு ஹீரோவா?”

பலூன் அக்கா பாத்திரம் தேய்க்கும் நாரைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். “ஹீரோவாவா? நாலாம் புத்தகத்துல லெட்டர் எழுதினானே, ஞாபகம் இருக்கா? குடுக்கப் போறான். போற வழியில பாக்கறான், அவ மேசை ஆடுது. அவளால எழுத முடியல. என்ன பண்ணினான்? லெட்டரை நாலா மடிச்சு மேசைக் காலுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டு வந்துட்டான்! ரெண்டு மாசமா அந்த லெட்டர் மேலதான் அவ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா. உங்களுக்கு உடம்பு சிலிர்க்கலியா?”

“எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.”

“எல்லாரும் கூச்சம்னா பயம்னு நெனக்கறாங்க. பயந்தவன் ஓடிருவான். இவன் ஓட மாட்டேங்கறான் பாருங்க! அங்கேயே நின்னு காது செவந்து போறான். அதுவும் எப்படி? சாதாரணமா அந்த ஓவியர் காதுல மூணு கோடு போடுவார். அன்னைக்கு ஏழு! நான் எண்ணினேன், ஏழு! பேசறவன் சொல்றதைக் கேட்டா போதும். பேசாதவனை உக்காந்து பாக்கணும். அவன் கையைப் பாக்கணும், நிக்கற இடத்தைப் பாக்கணும். பாத்துப் பாத்தே நமக்குப் பிடிச்சுப் போயிடுது.” சொல்லி முடிப்பதற்குள் தரையில் நுரை ஒரு சின்னக் குளமாகிவிட்டது. கணவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு பேசுகிறவள் வயிற்றில் பிறந்த பெண்ணுக்குப் பேச்சே வராது. பத்தாம் வகுப்பு. கடையில் அளவு பார்த்துச் செருப்பு வாங்குவதென்றாலும் இறுக்குகிறது என்று அம்மாதான் சொல்ல வேண்டும். பல் டாக்டர் “எங்க வலிக்குது?” என்று மகளிடம் கேட்டால் பதில் தாயிடமிருந்து வரும், அதுவும் இந்தப் பல், இத்தனை நாளாக, சூடாகக் குடித்தால் மட்டும் என்று விவரத்தோடு. வகுப்பாசிரியர் கேட்கும் கேள்விக்கும் அப்படித்தான். “வாயைத் திறந்தா என்ன, முத்தா கொட்டிரும்?” என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளுக்கு அர்ச்சனை நடக்கும்.

ஏழாம் புத்தகத்தின் வசனத் தாள் நேற்று மாலை வந்தது. இன்று ஐந்து மணிக்குப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். காலையில் அக்காவுக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. நான்கு புத்தகமாகத் தொங்கிக்கொண்டிருந்த முடிச்சு இதில்தான் அவிழ்கிறது. மகள் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இரு, இரு, கேளு! பஸ் நிறுத்தத்துல நிக்கறாங்க. அவ கேட்டே கேட்டுட்டா.” அக்கா கீச்சுக் குரலுக்கு மாறினாள். “‘அன்னைக்கு மொட்டை மாடியில, மணி அடிச்சப்ப, நீ என்னமோ சொன்னே. எனக்குக் கேக்கல. என்ன சொன்னே?’” குழாயைப் பாதி மூடினாள். “‘உன் பேரைத்தான் சொன்னேன். சத்தமா சொல்லிப் பழகலாம்னு.’ ஐயோ! ஐயோ, பேரைச் சொல்லிப் பழகியிருக்கான்டீ! சரியா ஒரு டம்ளர்!”

மகள் துடைப்பதை நிறுத்தினாள். “அப்ப மூணாம் புத்தகத்துல சொன்னது?”

“எது?”

“அதே மொட்டை மாடிதானேம்மா? ‘நீ வராத நாளில் இந்தப் பள்ளிக்கூடம் வெறும் கட்டடம்’னு சொல்றானே. பேரை எங்க சொன்னான்?”

அக்கா கையிலிருந்த டம்ளரைத் திறந்த குழாயடியில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அது நிரம்பி வழிந்தது.

“நான் அந்தப் பக்கத்தோட நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் படிக்கவே இல்ல” என்றாள் மகள், தட்டைப் பார்த்தபடி. அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசுவதே அதிசயம். “அவன் அப்படிப் பேசற ஆளே இல்ல. அது உன் பேச்சு மாதிரி இருந்துச்சும்மா. டாக்டர்கிட்ட எனக்குப் பதிலா நீ பேசுவியே, அது மாதிரி.”

தட்டை அடுக்கிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அது அக்காவின் பேச்சேதான். மூன்றாம் புத்தகம் வந்த வாரம் மொட்டை மாடிப் பக்கத்தில் பதினான்காம் பலூன் காலியாக வந்தது. வசனத் தாளிலும் பதினான்குக்கு நேரே ஒரு கோடு, அவ்வளவுதான். எழுத்து எங்கோ உதிர்ந்துவிட்டது, மொழிபெயர்ப்பாளரும் கவனிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அவருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை, வெளியூர்ப் பயணம். அச்சக ஆள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். அதற்கு முந்தைய மாதம்தான் வேறொரு புத்தகத்தில் ஒரு பலூன் காலியாகப் போய், அச்சுக்கோளாறு என்று கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் இரண்டு நிமிடம் யோசித்தாள். பையனுக்கு ஒரு வரி கொடுத்தாள்.

அந்த வரி ஊரைக் கலக்கியது. வாசகர் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எடிட்டர் அதை மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணம் என்று நினைத்தாள். மொழிபெயர்ப்பாளரோ அச்சான புத்தகத்தைப் புரட்டுகிறவர் இல்லை. “பெத்ததோட என் வேலை முடிஞ்சுது” என்பார். எல்லோரும் பாராட்டும்போது அக்கா கணினித் திரையைப் பார்த்தபடி உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். பலூன் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது, மணிச் சத்தத்தில் பெண்ணுக்குக் கேட்காதது நமக்கும் கேட்கக் கூடாது என்பதற்காக, என்று அவளுக்கு உறைத்ததே இன்று காலையில்தான்.

அலுவலகத்துக்கு வந்ததும் ஏழாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். ஒரு வழி இருந்தது. இங்கேயும் அந்தப் பழைய வரியையே போட்டுவிடலாம். பக்கம் கடைசியாக அவள் கையை விட்டுத்தான் போகிறது, யாருக்கும் தெரியாது. ஓரிடத்தில் உண்டான பொத்தலை இன்னொரு துணி வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும். எழுத்தின் அளவை இரண்டு புள்ளி குறைத்துப் பொருத்திப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

பையன்: “நீ வராத நாளில் இந்தப் பள்ளிக்கூடம் வெறும் கட்டடம்.”

அடுத்த கட்டத்தில் பெண் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீரோடு. அவள் பலூனில்: “அவ்வளவுதானா?”

அக்கா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். அடுத்த நொடி அவளே வெடித்துச் சிரித்துவிட்டாள். அந்த வரிக்கு இந்தப் பதில் வந்தால் பையன் பஸ்ஸுக்கடியில் விழுந்துவிடுவான். பெயரைச் சொல்லிப் பழகினேன் என்று ஒருவன் காது சிவக்கச் சொன்னால்தான் அந்தச் சிரிப்பு வரும். ஓவியர் அந்த முகத்தை அதற்கென்றே வரைந்திருக்கிறார். உதட்டோரத்தில்கூட வேறு வசனத்துக்கு இடமில்லை. அவள் தன் வரியை அழித்தாள். “உன் பேரைத்தான் சொன்னேன்” என்று போட்டாள். மூன்றாம் புத்தகத்தை அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு எடிட்டரின் அறைக்குப் போனாள். மணி மூன்றரை.

எடிட்டர் அவளைவிடப் பத்து வயது சிறியவள். கூந்தலில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்: காலி பலூன், வராத ஃபோன், வாசலில் நின்ற வண்டி, இரண்டு நிமிடம், மகள் சொன்னது. “வேலையை விட்டு எடுக்கறதானா எடுங்க. ஆனா இந்த ஏழு சரியா போகணும். நாலு புத்தகமா அந்தப் பையன் அடக்கி வச்சிருந்ததை நான் முன்னாடியே போட்டு உடைச்சுட்டேன். அதுவும் அவன் சொல்லாத வசனத்தை.”

எடிட்டர் மூன்றாம் புத்தகத்தை வாங்கி மொட்டை மாடிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். “இது நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“அக்கா, இதை நான் அப்புறம் வந்த மூணு புத்தகத்தோட பின்னட்டையிலயும் போட்டிருக்கேன். தெரியுமில்ல?”

“தெரியும். அதுக்கும் நான்தான் எழுத்துப் பொருத்தினேன்.”

எடிட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். பேனாவை உருவி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். “சரி. ஏழு இப்படியே போகட்டும். மூணாம் புத்தகத்தோட அந்தப் பக்கத்தைக் காலி பலூனோட திருப்பி அடிச்சு, ஏழுக்குள்ள தனித் தாளா வச்சுடலாம். கீழ ‘அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்’னு ஒரு வரி.”

“அச்சுப் பிழைன்னு போடாதீங்க. அச்சகத்துக்காரன் என்ன பாவம் பண்ணினான்? எழுத்துப் பொருத்தினவ பிழைன்னு போடுங்க.”

“அப்ப பேர் போடணுமே.”

“போடுங்க.”

“பன்னெண்டு வருஷமா உங்க பேரை ஒரு புத்தகத்துலயும் போட்டதில்ல. முதல் தடவையே இதுக்கா?”

“எதுக்குப் போட்டா என்ன, எழுத்து ஒண்ணுதானே. நானே பொருத்திடறேன். சின்ன தாள், அரை மணியில முடிஞ்சிடும்.”

எடிட்டர் குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து கதவோரச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு போஸ்டர்: மொட்டை மாடி, பையனின் முதுகு, மேலே பெரிய எழுத்தில் அந்த வரி. “இனிமே இதைக் கழட்டணும்” என்றாள். அதைப் பார்த்தபடியே கேட்டாள். “அக்கா, தப்பா நெனக்காதீங்க. ரெண்டு நிமிஷத்துல வர்ற வரி இல்ல இது. யாராவது உங்ககிட்ட சொன்னதா? இல்ல, நீங்க யார்கிட்டயாவது சொல்லணும்னு வச்சிருந்ததா?”

பலூன் அக்கா மூன்றாம் புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவருகே போனவள் ஒரு கணம் நின்றாள். போஸ்டரின் கீழ்மூலையில் டேப் விட்டுப்போய்த் தாள் சுருண்டிருந்தது. கட்டை விரலால் அதை நீவிச் சுவரோடு ஒட்டினாள். ஒட்டவில்லை. இன்னொரு முறை அழுத்தமாக நீவி, ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துவிட்டு, வெளியே போனாள்.