காலி நாற்காலிக்கு விழுந்த பங்கு

வெர்லா ஸ்கோக்ஸ்டாட் யாரென்று டோல்மர் மாவட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதிப்பேர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கொட்டகை போடலாம் என்பதையெல்லாம் எழுதி வைத்தவள் அவள்தான். மாவட்டத் திட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம். அவள் வீட்டுக் கோழி முட்டையிட்டால், அந்த இடத்தில் முட்டையிட அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பொரிப்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு. கணவன் எய்னார் இறந்தபோது கல்லறை மனுவில் ஒரு பிழையைக் கண்டு, அதைத் திருத்திய பிறகுதான் அழுதாள் என்றும் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. திருத்தியது நிஜம், அதற்கு முன்பே அழுது முடித்திருந்தாள்.

ஃபெரின் பே என்ற கடலோர ஊரில் ஒரு மீன் டப்பா ஆலைத் தொழிலாளியின் மகள். அப்பா சால்மன் மீனைத் தரம் பிரித்தார்; மகள் படித்து வந்து நிலத்தைத் தரம் பிரித்தாள். அப்பாவின் கையில் மீன் வாடை போகவே இல்லை. வெர்லாவின் கையில் எந்த வாடையும் இல்லாததால், தன் வேலை யாரையும் தொடுவதில்லை என்று அவள் நெடுங்காலம் நம்பியிருந்தாள்.

எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மண்டலக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வரும். நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து வளர்ச்சி இலக்கு வைப்பது அந்தக் குழு. இந்த முறை வந்ததில், 2044க்குள் டோல்மர் மாவட்டம் இன்னும் எண்பத்துநாலாயிரம் பேருக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்றிருந்தது. அதற்கு ஏற்ப மாவட்டத் திட்டக் கொள்கைகளைத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் சாலைப் பணம் நின்றுபோகும்.

திருத்துவது பெரிய வித்தை இல்லை. பதின்மூன்று ஊர்களின் மேயர்களும் மாவட்டக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நீள மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். எண்பத்துநாலாயிரம் பேரைப் பங்கு போட வேண்டும். பந்தியில் பாயசம் என்றால் இலையை நீட்டுகிறவன், பாகற்காய் வந்தால் இரண்டு கையாலும் இலையை மறைப்பானே, அப்படித்தான். ஒரு ஊரில் சாக்கடை நிரம்பிவிட்டது. இன்னொரு ஊரில் நூறு வருஷத்து மரங்கள். கல்வர்டன் மேயருக்கு, கோல்ஃப் மைதானத்தில் ஏதோ ஓர் அரிய தவளை. அந்தத் தவளையை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

பேரம் முடிந்ததும் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் யாருக்கு? இருபது வருஷத்துக்கு முன்னால், மழை கொட்டிய ஒரு மாலை, எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் முந்நூறு பேர் மிஞ்சினார்கள். வெர்லா வேடிக்கையாகத்தான் சொன்னாள்: "வராதவங்க தலையில கட்டிடுங்க. வந்திருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பாங்கல்ல!" சிரித்தார்கள். எழுதினார்கள். அன்று காலியாக இருந்தது ஸ்காரோ ஊரின் நாற்காலி. அடுத்த முறையும் அதுவே காலி, மிச்சம் தொள்ளாயிரம். அப்போது யாரும் சிரிக்கக்கூட இல்லை. வழக்கமாகிவிட்டது.

ஸ்காரோ மேயர் வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. லானி பர்க்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஐந்நூறு வீட்டு ஊரில் மேயர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் மூன்று மணிக்கு. பள்ளி விடுவதும் மூன்று மணிக்கு. அவ்வளவுதான் விஷயம். ஒரு மணியடிப்பில் ஒரு ஊரின் தலைவிதி.

ஸ்காரோ எங்கே இருக்கிறதென்றால், மலையின் காலடியில். அந்த மாவட்டத்தில் 'மலை' என்றால் ஒரே மலைதான். மேகம் விலகிய நாளில் "இன்னிக்கு மலை வெளிய வந்திருக்கு" என்பார்கள், ஏதோ உறவுக்காரர் வாசலுக்கு வந்தமாதிரி. உள்ளே நெருப்பு, மேலே பனி. என்றைக்காவது அது புரண்டு படுத்தால், பனி உருகிச் சேறாகி, மரத்தையும் பாறையையும் அள்ளிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கும். அபாயச் சங்கு ஊதியதிலிருந்து ஸ்காரோவுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம். இது விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. தப்பிக்க வேண்டுமானால் ஆற்றின் ஒற்றைப் பாலத்தைத் தாண்டி எதிர்மேட்டில் ஏற வேண்டும். வேறு வழி இல்லை.

வீடு அங்கேதான் மலிவு. ஆகவே வெர்லாவின் மகள் பிரிட்டாவும் ஐந்து வருஷத்துக்கு முன் அங்கேதான் வாங்கினாள். இரண்டு பெண் குழந்தைகள். தாயின் வேடிக்கைப் பேச்சால் கட்டப்பட்ட தெரு அது என்று மகளுக்குத் தெரியாது. வெர்லா சொல்லவும் இல்லை.

இந்த முறை, முதல் சில கூட்டங்களிலேயே மிச்சம் இரண்டாயிரத்து அறுநூறு என்று தெரிந்துவிட்டது. வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் காலை லானிக்குப் போன் போட்டாள்.

"லானி, இருபத்தி மூணாம் தேதி நீ வந்தே ஆகணும்."

"பஸ்ஸ யாரு ஓட்டுவா? நீயா? நீ கார நிறுத்துற லட்சணத்துக்கு ரெண்டு இடம் வேணும், வெர்லா."

"கிண்டல் பண்ணாத. நீ வரலன்னா உன் ஊருக்கு இன்னும் ரெண்டாயிரத்து அறுநூறு பேரு."

லானி பேருந்தின் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசினார்.

"அக்டோபர்ல தப்பிக்கிற ஒத்திகை நடத்துனோம்ல. பாலத்துல காருங்க அடைச்சிக்கிச்சு. பசங்கள நடத்திக் கூட்டிட்டுப் போனேன். எவ்ளோ நேரம் ஆச்சுன்னு தெரியுமா?"

"தெரியும். பிரிட்டா சொன்னா."

"அப்ப கூட்டத்த நாலு மணிக்கு மாத்தச் சொல்லு."

வெர்லா கூட்டத் தலைவர் காரிக் பீலிடம் போய் நின்றாள். பீல் மாவட்ட நிர்வாகியின் ஆள்; சட்டையில் சுருக்கம் விழாத மனிதர். "அறிவிப்பு பேப்பர்ல போட்டாச்சு, வெர்லா. இதுக்கு மேல மாத்துனா டிசம்பர் கெடு தாண்டிடும். நீங்களே எழுதின விதிதானே?" என்றார். அவளே எழுதிய விதிதான். பன்னிரண்டாம் பக்கம்.

இருபத்து மூன்றாம் தேதி மலை வெளியே வந்திருந்தது. அந்த மாதத்தில் அப்படி முழுசாகத் தெரிவது அபூர்வம். இரண்டாம் மாடி ஜன்னல் முழுக்க வெள்ளையாக நின்றது. கடைசிப் பேரமும் முடிந்து, மேயர்கள் வெர்லா சுட்டுக்கொண்டு வந்த ருபார்ப் தண்டுக் கேக்கின் புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரம். மணி மூன்றரை. கீழே ஏதோ வண்டியின் ஏர் பிரேக் 'புஸ்' என்றது. எட்டிப் பார்த்தார்கள். மாவட்ட நிர்வாகியின் காருக்கென்று ஒதுக்கிய இடத்தில் மஞ்சள் பேருந்து நின்றது.

லானி பத்தொன்பது பிள்ளைகளோடு படியேறி வந்தார். பெற்றோரிடமெல்லாம் சொல்லி வாங்கிய அனுமதிச் சீட்டுகள் சட்டைப்பையில். பிள்ளைகள் பார்வையாளர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெர்லாவின் பேத்திகள் இரண்டாம் வரிசையில் இருந்துகொண்டு பாட்டிக்குக் கையாட்டினார்கள். லானி, இருபது வருஷமாக யாரும் உட்காராத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன லானி, பள்ளிக்கூடத்தயே கொண்டாந்துட்ட?" என்றார் கல்வர்டன் மேயர்.

"உங்க தவளைய மட்டும் கூட்டிட்டு வர முடியல," என்றார் லானி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் பெஞ்சு பக்கம் திரும்பினார். "பசங்களா, ஒத்திகையில மேட்டுல ஏறி முடிக்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அம்பத்தொரு நிமிஷம்!" பத்தொன்பது குரல்.

"மலை நமக்கு எவ்ளோ குடுக்கும்?"

"நாப்பத்திரெண்டு!"

ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் உற்சாகமாகத்தான் சொன்னார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒருவர் கேக் தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒருத்தர்கூட வேணாம்," என்றார் லானி. "அவ்ளோதான் நான் சொல்ல வந்தது."

நாற்காலி நிரம்பிவிட்டது. இனி அந்த இரண்டாயிரத்து அறுநூறு பேரை மேசைக்காரர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வழி இல்லை என்று வெர்லா நினைத்தாள். முப்பத்தொரு வருஷ அனுபவம் அவளை ஏமாற்றிய இடம் அதுதான்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பீல் மெல்ல எழுந்து வரைபடத்தருகே போனார். "ஸ்காரோவுக்கு வேண்டாம், சரி. மனுஷங்க உசிரு முக்கியம். ஆனா இங்க மேல பாருங்க, நைன் மைல். ஊருன்னு பேரு இல்ல, மேயர் இல்ல. நேரா மாவட்டத்துக்குக் கீழ வர்ற நிலம். வீடு கட்டலாம்ங்கிற வளர்ச்சி எல்லைய இங்க கொஞ்சம் நகர்த்தினா மண்டலக் குழுவோட இலக்குக்கும் பொருந்திடும். யார் மேலயும் பாரம் இல்ல."

நைன் மைலுக்கு மேசையில் நாற்காலியே கிடையாது. காலியாக இருக்கக்கூட ஒன்று இல்லை.

வரைபடத்தில் அவர் விரல் நின்ற இடம் ஸ்காரோவுக்கு மேலே, அதே ஆற்றங்கரையில், மலைக்கு இன்னும் அருகில். அங்கிருந்து வெளியே வரும் சாலை ஸ்காரோ வழியாக, அதே பாலத்துக்குத்தான் வருகிறது. வெர்லாவுக்கு அந்தச் சாலை உள்ளங்கை ரேகை மாதிரி. வாயைத் திறந்தாள்.

"அலுவலர்கள் தீர்மானம் வந்தப்புறம் பேசக்கூடாது, வெர்லா," என்றார் பீல், கனிவாக. அதுவும் அவள் எழுதியதுதான். "ஆதரிக்கிறவங்க?"

கைகள் உயர்ந்தன. வெர்லா லானியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று. லானி அவளைப் பார்க்கவில்லை. மணி நாலாகப் போகிறது, பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும், தன் ஊர் தப்பித்தது. முகமெல்லாம் சிரிப்பாக அவரும் கையைத் தூக்கினார்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

வெர்லா விதியை மறந்து எழுந்துவிட்டாள். "லானி! அந்த ஜனமும் உன் பாலத்து மேலதானய்யா வரணும்!"

லானியின் கை இன்னும் இறங்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். சாலையின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு பாலம்வரை வந்தார். அப்புறம்தான் கை இறங்கியது. "மறுபடி எடுங்க," என்றார். நாற்காலியை விட்டு எழுந்தார். "மிஸ்டர் பீல், மறுபடி ஒருதரம் எடுங்க."

"ஒருமனதா நிறைவேறிடுச்சு, மேயர். பதிவும் ஆயிடுச்சு. அடுத்த திருத்தத்துல பாத்துக்கலாம்."

அடுத்த திருத்தம் எட்டு வருஷம் கழித்து. பிள்ளைகள் மேசையில் மிஞ்சிய கேக்கைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினார்கள்.

வெர்லா அன்று இரவே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த மழை நாள் வேடிக்கை உட்பட. பிரிட்டா எழுந்து போய், பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வீட்ட வித்துட்டு வந்துடுடி. என் வீட்டுல இடம் இருக்கு."

"யாருக்கும்மா விக்கிறது? வாங்குறவளும் பிள்ளைகளோடதான் வருவா."

வெர்லா ஜனவரியில் வேலையை விட்டாள். பிரிவு உபசாரத்தில் அவளுக்கு மாவட்ட வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் ஸ்காரோவுக்குப் போவாள். வழியில் எங்கும் நிறுத்தமாட்டாள். ஏப்ரலில் ஒருநாள் மட்டும் மகள் வீட்டைத் தாண்டி நைன் மைல்வரை ஓட்டிப் போனாள். புல்வெளி முழுக்கச் சின்னக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பு நாடா. மண் வாரும் இயந்திரங்கள் இரண்டு. அன்றும் மலை வெளியே வந்திருந்தது. அண்ணாந்தால்தான் உச்சி தெரியும், அவ்வளவு பக்கம்.

ஒரு கார் வந்து நின்றது. இளம் தம்பதி. மனைவிக்கு ஏழெட்டு மாதம்.

"இங்கதான் புது வீடுங்க வருதாங்க?" என்று கேட்டாள். "எவ்ளோ அழகா இருக்கு! எங்களுக்கு மூணாவது மனை."

வெர்லா சொன்னாள். ஒன்றையும் விடவில்லை: சேறு, சங்கு, பாலம், பத்தொன்பது பிள்ளைகள், ஸ்காரோவுக்கே நாற்பத்திரண்டு நிமிஷம்தான் என்றால் இங்கே அது எவ்வளவு குறையும் என்பது. கணவன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு காலால் ஒரு குச்சியைத் தட்டினான். அந்தப் பெண் மட்டும் கவனமாகக் கேட்டாள். பிறகு வெர்லாவின் கையை மெல்லத் தொட்டுச் சொன்னாள்:

"நீங்க பயப்படாதீங்கம்மா. அவ்ளோ ஆபத்துன்னா மாவட்ட ஆபீஸ்ல அனுமதி குடுத்திருப்பாங்களா? அங்க எல்லாம் பாக்குறதுக்குன்னே ஆளு இருக்காங்களே."

முப்பத்தொரு வருஷம் அந்த ஆளாக இருந்தது யாரென்று வெர்லாவுக்குத் தெரியும். அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அவர்கள் மூன்றாவது மனையைத் தேடி, நாடாக்களுக்கு நடுவே கைகோத்து நடந்து போனார்கள்.