சாச்சி பிடித்த களா நோன்பு

அந்த மருந்துப் போத்தல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இருமல் பாணி போலத்தான் இருக்கும். குடலைக் கழுவும் மருந்து என்று ஆஸ்பத்திரியில் இரண்டு போத்தல் தந்தார்கள். இவ்வளவு சிறிய போத்தலுக்கா இத்தனை பேச்சு என்று நானே நினைத்தேன்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. ஏறாவூரில் கைத்தறியில் சாரன் நெய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். முழங்கால் வலிக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒரு குளிசை என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தபோது மலத்தோடு இரத்தம் வரத் தொடங்கியது. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் சுமந்தோம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும், முதல்நாள் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள் என்று தாதி சொன்னபோது, சாச்சி நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். "சாப்பிடக்கூடாது" என்ற சொல்லோடு அவருடைய காது மூடிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை.

பரிசோதனை நாள் காலை ஓட்டோவில் போகும்போதுதான் பெருமையாகச் சொன்னார்.

"எப்பிடியும் பட்டினிதானே மகள் கிடக்கணும். அதான் களாவுல ஒண்டக் கழிச்சிருவமெண்டு நேத்து நோன்பு புடிச்சன்."

ரமழானில் தவறிப்போன நோன்புகளைப் பிறகு பிடித்து முடிப்பதுதான் களா. அதில் சாச்சி கெட்டிக்காரி. பட்டினி கிடக்க நேர்ந்த நாளை வீணாக்க அவருக்கு மனம் வருமா? கச்சான் காற்று அடித்து ஊரே வறண்டு கிடந்த நாளில், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. நோன்பு திறந்ததே அந்த மருந்தால்தான். அதன் பிறகு இரவு முழுக்க வயிற்றோட்டம். தண்ணீரைக் கண்டாலே ஓங்காளித்ததாம். விடியமுன் இரண்டாவது போத்தலையும் கடமை தவறாமல் குடித்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய உலர்ந்த உதடுகளைப் பார்த்ததும் அது பயமாக மாறியது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பரிசோதனையை நிறுத்தி, கட்டிலில் படுக்கவைத்து இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டொக்டரின் முகம் இறுகியது. சிறுநீரகம் வேலை செய்வது மிகவும் குறைந்திருந்தது.

"நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க அம்மா?"

"நிறையக் குடிச்ச டொக்டர்," என்றார் சாச்சி. சொல்லிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்தார். டொக்டர் அப்பால் திரும்பியதும் என் காதருகே, "சொல்லிராத மகள். நோன்பாலதான் இப்பிடி ஆன எண்டு பேசுவாங்க. அது அல்லாஹ்வுக்காகப் புடிச்ச நோன்பு," என்றார்.

அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று தெரியாமல் டொக்டர் வேறு காரணம் தேடப் போகிறார். தேடும் நேரத்தில் சாச்சி கையைவிட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. நான் கையை உருவிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டொக்டர் யாரையும் ஏசவில்லை. அந்த மருந்தில் இருப்பது பொஸ்பேட் உப்பு, அது உடம்பின் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், உடம்பு ஏற்கெனவே காய்ந்திருந்தால் சிறுநீரகத்தில் படிந்து அதையே கெடுத்துவிடும் என்றார். பிரஷர் குளிசையும் வலிக் குளிசையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுமாம். உடனே சேலைன் ஏற்றினார்கள், குளிசைகளை நிறுத்தினார்கள். அதன் பிறகு எங்கள் குடும்பம் முழுவதும் காத்திருந்தது சாச்சியின் சிறுநீருக்காக. பார்க்க வந்தவர்கள் ஸலாம் சொன்ன கையோடு அதைத்தான் கேட்டார்கள். இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போடவேண்டி வரலாம் என்ற பேச்சு வந்தபோது உம்மா வாய்விட்டு அழுதார்.

மெஷின் வரை போகவில்லை. சிறுநீர் வந்தது. ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிறகு வேறு மருந்து கொடுத்து, பக்கத்திலேயே வைத்துத் தண்ணீர் பருக்கி, குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெறும் மூலம்தான்.

இனி நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோன்புக்குப் பதிலாக ஏழைகளுக்கு உணவு கொடுத்தால் போதும் என்று மௌலவியும் சொன்னார். சாச்சி அரிசி கொடுக்கிறார். இந்த ரமழானில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் சாச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடித்தார். வாயை முந்தானையால் துடைத்தபடி வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இந்த முப்பதயும் நான் எப்ப மகள் கழிக்கிற?"