பேனா முனை தாளைத் தொட்டபோது

வேன் வாங்கிய கடனுக்கு மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. என் கணவர் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டைப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன்தான் எங்களுக்குச் சோறு. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. யாராவது கதவைத் தட்டினால் ஃபைனான்ஸ்காரர்களோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தூக்கமே இல்லை.

அவர் எழுந்து மறுபடி வேன் எடுத்த முதல் வாரம். ஐப்பசி வெள்ளிக்கிழமை, தூறல். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையை உள்ளே விட்டுச் சாவியை உருவினான்.

"பசங்கள எறக்கு சார். வண்டி கம்பெனிக்குப் போவுது."

உள்ளே பதினோரு குழந்தைகள். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"மழையில எங்க சார் எறக்கறது? ஸ்கூல்ல விட்டுட்டு நானே வரேன்" என்று என் கணவர் கெஞ்சினார்.

நான் கண்ணை மூடினேன். "அம்மா மாரியாத்தா, வண்டி போனா போகட்டும். இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. எங்களுக்கு ஒரு வழி காட்டு தாயே" என்று வாய்விட்டே கதறிவிட்டேன்.

சாவி வைத்திருந்தவன் என்னையே பார்த்தான். மற்றவர்களை ஜீப்பில் வரச் சொல்லிவிட்டு, அவனே வேனை ஓட்டினான். கடைசிப் பிள்ளை பள்ளிக்குள் போகும்வரை நின்றான். பிறகு தாம்பரத்தில் கம்பெனி ஆபீசுக்கு எங்களைக் கொண்டுபோனான்.

மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "கீழ சைன் போடுங்க. மேல நாங்க எழுதிக்கறோம்."

பயத்தில் என் கணவர் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது சாவிக்காரத் தம்பி என் காதருகே முணுமுணுத்தான்: "யக்கா, போட வாணாம்னு சொல்லு. வண்டிய நீங்களே ஒப்படைச்சிட்டதா எழுதிக்குவாங்க. அப்பால வித்துடுவாங்க. டயம் கேளு."

பேனா தாளைத் தொட்டிருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"எழுதாத பேப்பர்ல போட மாட்டோம் சார். பாக்கியக் கட்டிடறோம். டைம் குடுங்க."

மேனேஜர் கத்தினார். போலீஸ் என்று மிரட்டினார். மதியம்வரை நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் பத்து நாள் கெடு கொடுத்து, எழுதி, முத்திரை குத்தினார்.

வேனை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்தே போனோம். உள்ளதைச் சொன்னோம். ஒருவர்கூட விரட்டவில்லை, அடுத்த மாதக் கட்டணத்தை அப்போதே தந்தார்கள். குறைந்ததற்கு என் சங்கிலி அடகுக்குப் போனது. ஒன்பதாம் நாள் வேன் வீட்டுக்கு வந்தது. நடு வாசலில் விழுந்து அழுதேன்.

அந்தத் தம்பியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவன் வாயால் பேசியவள் என் தாய்தான். இன்றுவரை அவனுக்கும் சேர்த்தே விளக்கேற்றுகிறேன். அதற்குப் பிறகு தவணை தாமதமானால் நாங்களே முன்னால் போய் நின்று சொல்வோம்.

கஷ்டத்தில் இருக்கும் என் சகோதர சகோதரிகளே, அவளைக் கூப்பிடுங்கள். பதில் யார் மூலம் வரவேண்டும் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.