உள்ளே காலியாக இருக்க வேண்டியது

காலை ஆறு பத்துக்கு டாக்ஸி வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியது ஒரு கிட்டார். கருப்பு உறையில் இருந்த அதைக் கதவு வழியாக ஒரு கை நீட்ட, மாடியிலிருந்து இறங்கி வந்த நான் வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நான் அதுவரை கிட்டார் தூக்கியதில்லை என்பதால் அதன் எடையே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

நீட்டியவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். ஊர் லப்பைக்குடிக்காடு, வேலை துபாயில். மகளின் படிப்புக்காகக் குடும்பத்தைப் பெரம்பலூரில் வைத்திருந்தார். மகள் கல்லூரியில் இயற்பியல். அன்று மாலை கல்லூரி விழாவில் அவள் கிட்டார் வாசிப்பதாகப் பெயர் கொடுத்திருந்தாள். இரவல் கொடுத்திருந்த தோழி தன் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டதால், இதை விட்டால் வேறு வழி இல்லை.

அவள் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து ஒருமுறை மீட்டினாள். மெத்தையில் குச்சியால் அடித்தது போல ஒரு சத்தம். இன்னொருமுறை மீட்டினாள். அதே மெத்தை.

"கடைக்காரன் வாசிச்சுக் காட்டுனான். கோயில் மணி மாதிரி இருந்துச்சு" என்றார் தந்தை.

"அப்புறம் என்னாச்சு அத்தா?"

"ஏர்போர்ட்டுல ஸ்கேன் மிஷின்ல விட்டு ரொம்ப நேரம் பாத்தான்மா. ஒருத்தன் பாத்துட்டு இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் காட்டுனான். ரெண்டு பேரும் சிரிச்சிட்டு அனுப்பிட்டானுங்க."

"அதான். அந்தக் கதிர் பட்டா மரம் செத்துரும்" என்றார் வீட்டு உரிமையாளர். டாக்ஸி சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து வந்திருந்தார். மீன்சுருட்டி என்ற ஊர்க்காரர். "கவலப்படாதீங்க பாய். எங்க ஊர்ல தப்பு மோளத்துல சத்தம் வராட்டி நெருப்புல காட்டுவோம். கணீர்னு ஆயிரும்."

"அது தோலு தாத்தா. சூட்டுல இறுகும். இதுல தோலே இல்ல."

"நெருப்பு வேணாம்மா. வெயில்ல வைப்போம்" என்றார் வீட்டு உரிமையாளர்.

வெயில் ஏறியதும் கிட்டார் மொட்டைமாடிக்குப் போனது. எங்கள் வீட்டு மிளகாய்க்குப் பக்கத்தில், ஒருமணி நேரம். கீழே கொண்டுவந்தபோது மெத்தை சற்றுச் சூடாக இருந்தது.

மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, எங்களுக்குச் சொல்வது போலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கம்பி ரொம்ப மெலிசு. தனியா ஆடுனா காத்து அசையாது. கம்பி இந்தக் கட்டைய ஆட்டும். கட்டை மேல்பலகைய ஆட்டும். பலகை பெருசு, அதான் காத்த அடிக்கும். உள்ள இருக்கற காத்தும் கூடச் சேந்து ஆடும். எல்லாம் சரியாத்தான இருக்கு." பிறகு நிமிர்ந்து, "அத்தா, உள்ள ஏதாச்சும் வச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இதுல எதும்மா வெப்பேன்" என்றார் அவர். பொய் சொல்லும் முகமாக இல்லை. கிட்டாரின் நடு ஓட்டை வழியாகப் பார்த்தோம். இருட்டாக இருந்தது.

மகள் கைபேசியை எடுத்தாள். பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் அவள் அம்மா உள்ளேயிருந்து பெட்டியைப் பிரித்தபடி குரல் கொடுத்தார். "ஏங்க, நாலு துண்டு வாங்கிட்டேன்னு போன்ல சொன்னீங்களே, எங்க?"

"பொட்டியில இருக்கும் பாரு."

"பொட்டிய ரெண்டு தடவை கொட்டிட்டேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் வெற்றிடத்தைச் சகித்துக்கொள்வதில்லை. பெட்டிக்கு எடைக் கணக்கு உண்டு, இடம் குறைவு. போன முறை அவர் கொண்டுவந்த குக்கருக்குள் பால்பவுடர் இருந்தது. ஷூவுக்குள் அத்தர் பாட்டில்கள் இருந்தன. பிளாஸ்க்குக்குள் ஏலக்காய். அவரைப் பொறுத்தவரை இது எதையும் 'வைப்பது' ஆகாது. காலியாக விடாமல் இருப்பது, அவ்வளவுதான்.

அம்மா வெளியே வந்தார். கிட்டாரைக் கவிழ்த்து, காஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பது போல முதுகில் விரல்முட்டியால் தட்டினார். கணவரைப் பார்த்தார்.

"இது நெறஞ்சிருக்குங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "கையில வச்சிருக்கறத எடை போடமாட்டான்ல. அதான் கம்பியத் தளர்த்திட்டு…"

கம்பியை மறுபடி தளர்த்தினார்கள். அம்மாவின் கைதான் உள்ளே போயிற்று. கருநீலத் துண்டு ஒன்று பாதி வந்து சிக்கி, பிறகு முழுதாக வந்தது. அடுத்து இன்னொன்று. துண்டுக்குள் சுருட்டிய சோப்புகள் வந்தன. நான்காவது துண்டு வெளியே வந்ததும் வீட்டு உரிமையாளர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "வேற எதும் இல்லீங்களா பாய்?" என்றார்.

மகள் மறுபடி சுருதி சேர்த்து மீட்டினாள். அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டு ஒன்று கூடவே முனகியது.

"வெயில் வேலை செஞ்சிருக்கு" என்றார் வீட்டு உரிமையாளர்.

மாலை விழாவுக்கு நானும் போயிருந்தேன். அவள் மேடையேறி முதல் வரியை வாசிக்கும்போது கரண்ட் போனது. மைக் செத்தது, மின்விசிறிகள் நின்றன. ஜெனரேட்டர் போடுகிறவரைத் தேடி இரண்டு பேர் ஓடினார்கள். அவள் நிறுத்தவில்லை. அரங்கில் பேச்சு மெல்ல அடங்கியது. கடைசி வரிசைக்குப் பின்னால், தோளில் கருநீலத் துண்டோடு நின்ற அவள் தந்தை என் பக்கம் குனிந்து, "கேக்குது சார்" என்றார்.

அவள் வாசித்து முடித்த பிறகு கரண்ட் வந்தது.