டிபன் கேரியருக்குக் காவல்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை உச்சி வெயிலில், நான் ஒரு டிபன் கேரியருக்குக் காவல் இருந்தேன்.

சிரிக்காதீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

போன இரண்டு வாரமும் இந்த இடத்தில் வெயிலைப் பற்றியும் ஷேர் ஆட்டோவைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேனே... கவனித்திருப்பீர்கள். 'என்னம்மா, உப்பு உறைப்பே இல்லையே?' என்று ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் கேட்டேவிட்டார். எழுத வேண்டியது இது. கை வரவில்லை. அவ்வளவுதான்.

முதலில் என் மாமியாரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் கன்னியம்மா. ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பொன்னேரியில் பஸ் ஏறி, திருப்பாலைவனம் தாண்டி, இறங்கிய பிறகு மணலில் ஒரு நடை. நான் பொன்னேரியில் தையல் கடை வைத்திருப்பவள். பத்தாவது தாண்டாதவள். மீன் ஆயவே கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதனால் அவருக்கு நான் இன்றுவரை மருமகள் இல்லை – 'பொன்னேரி'.

"ஏ பொன்னேரி, அந்த அன்னக்கூடைய எடு." "பொன்னேரி துன்னுச்சா?" – இப்படித்தான்.

அவர் சொல்வதை எல்லாம் நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். என் வாய் ஓயாததைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "உன் வாய்க்குப் பின்னால ஒரு விசிறி மாட்டுனா டீசல் இல்லாமயே எளாவூர் வரைக்கும் படகு ஓட்டலாம்." இந்தப் பத்தியில் நீங்கள் ரசித்த பாதி வசனம் அவருடையது. இருபது வருஷமாகத் திருடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குப்பத்தில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. ஏரியில் மீன் விழுகிற இடம் இன்னின்னது என்று உண்டு. அந்த இடத்தில் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை. அந்த முறைக்குப் பாடு என்று பேர். ஊர்த் தலைவரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஒரு பேருக்கு இருபது நாளுக்கு ஒரு தடவை பாடு வரும்.

அந்தப் பட்டியலில் ஏழுமலை என்று ஒரு பேர். என் கொழுந்தன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. படகு கரைக்கு வந்தது. அவர் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

உடம்பு கிடைக்காதவனுடைய பேரை எப்போது அடிப்பது? ஊரில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவள் கூட்டத்துக்கு வந்து தன் வாயால் சொல்ல வேண்டும் – 'என் புள்ள இல்ல.' மூன்றே வார்த்தை. சொல்லிவிட்டால் அந்தப் பாடு அவன் மனைவிக்குப் போகும். அவள் ஒரு ஆளை விட்டு வலை கட்டலாம். விழுகிற மீனில் பாதி அவளுக்கு. பெற்றவள் சொல்லாதவரைக்கும்? அது அவனுடைய பாடுதான். வேறு யாரும் தொடக்கூடாது.

வருஷா வருஷம் மாசி அமாவாசைக் கூட்டத்தில் தலைவர் கேட்பார். என் மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அதனால் இருபது நாளுக்கு ஒருமுறை அந்த இடத்தில் வெறும் கழிகள் மட்டும் நிற்கும். வலை இருக்காது. படகுகள் சுற்றிக்கொண்டு போகும்.

அதோடு முடிந்ததா? இல்லை. ஏழுமலையின் பாடு வரும் நாளில் என் மாமியார் காலையிலேயே மடவை மீன் குழம்பு வைப்பார். மூன்று அடுக்கு கேரியரில் சோறு, குழம்பு, வறுவல். ஏழுமலையின் மனைவி தேவி அதை எடுத்துப் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி, நடுக்கழியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு மாமியார் போய் எடுத்து வருவார்.

கேரியர் காலியாக வரும். கழுவி வரும். ஏழுமலையே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று ஊருக்குள் பேச்சும் பயமும்.

'காக்கா தின்னிருக்கும்' என்று சொல்லிப் பாருங்களேன். காக்கா கிளிப்பைத் திறந்து, தின்றுவிட்டு, அலசி, மறுபடி கிளிப்பைப் போடுமா? 'யாராவது பசிச்சவன் சாப்பிட்டிருப்பான்' என்பார் என் வீட்டுக்காரர். ஒரே ஆளுக்கு ஐந்து வருஷமாகப் பசிக்குமா?

எனக்கு அது மர்மமாகத் தெரியவில்லை, கோபமாக வந்தது. ஏனென்றால் நான் தேவியின் விரல்களைப் பார்த்தவள்.

தேவி இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஐஸில் கை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி, வெடித்து... மகளுக்குத் தலை பின்னிவிடக்கூட முடியவில்லை. அவளுடைய பாடு கழியாக நின்றுகொண்டிருக்க, அவள் ஐஸில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். இது நியாயமா?

மாமியார் வீட்டுக் கஞ்சியாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. படகு மட்டும் தனியாக வந்த அன்று, அடிவயிற்று எரிச்சலில் அத்தை தேவியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "உன் வாய்தான்டி எம்புள்ளய முழுங்குச்சு." அன்றிலிருந்து தேவி அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. கேரியரை மட்டும் வாங்கிக்கொள்வாள். அது புருஷனுக்கு ஆயிற்றே.

நான் சும்மா இருப்பேனா?

"அத்தை, அவ வெரலப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொன்னா அவ பொழச்சிக்குவா."

"ஒரு வார்த்தையா? பத்து மாசம் சொமந்தத ஒரு வார்த்தைல எறக்கச் சொல்ற. நீயே போய் சொல்லு. உனக்குத்தான் அம்மாம்பெரிய வாய் கீதே."

"உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல அத்தை?"

"உண்மைய அலசிப் போட்டுக் கொழம்பு வெக்க முடியுமாடி?"

இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் விடவில்லை. எனக்கு எப்போதும் ஒரு கொள்கை உண்டு – எதுவானாலும் போட்டு உடைத்துவிட வேண்டும். மூடி வைத்தால் நாறும். அவருக்கு நேர் எதிர்க் கொள்கை. மூடித்தான் வைக்க வேண்டும். திறந்தால் ஈ மொய்க்கும். இருபது வருஷமாக எங்களுக்குள் இந்தச் சண்டைதான், வேறு வேறு பேரில்.

கேரியரைக் காலி செய்வது யார் என்று பிடித்துவிட்டால்? மகன் வருகிறான் என்கிற பேச்சு தீரும். மூன்று வார்த்தையும் தானாக வரும். இதுதான் என் கணக்கு. தேவியிடம் மட்டும் சொன்னேன்.

"வேணாக்கா," என்றாள் உடனே. முகம் மாறிவிட்டது. "விட்டுடு. யாரோ... இன்னாவோ. நீ போய் ஒக்காராத."

நான் போய் உட்கார்ந்தேன்.

கரையில் ஒரு பனை. அதன் நிழலும் உச்சிப் பொழுதில் சுருங்கி என் காலடிக்கே வந்துவிட்டது. தேவி கேரியரை மாட்டிவிட்டு என் பக்கம் பார்க்காமல் நடந்து போனாள். அப்புறம் யாரும் இல்லை. தூரத்தில் பூநாரைக் கூட்டம், ஒன்றுகூட அசையவில்லை. காற்று நின்றுவிட்டது. ஏரி தகரத்தைத் தட்டிப் போட்ட மாதிரி கிடந்தது. நடுவில் ஏழெட்டு வெறும் கழிகள். ஒரு கழியில், வெயிலில் மின்னிக்கொண்டு, கேரியர்.

இரவில் பயப்படலாம், அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. பட்டப்பகலில், எல்லாமே பளிச்சென்று தெரியும்போது, பிடரியில் சிலிர்த்தால் என்ன செய்வது?

முகத்துவாரத்துப் பக்கமிருந்து தண்ணீரில் ஒரு கலங்கல் வந்தது.

ஏரியில் ஆள் நடந்தால் அடிச்சேறு எழும்புமே, பழுப்பாக... அப்படி. ஒரு திட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு திட்டு. அப்புறம் இன்னொன்று. அவசரமில்லாமல் கழியை நோக்கி வந்தது. மேலே யாரும் இல்லை. தண்ணீர்தான் நடந்து வந்தது.

'மடவைக் கூட்டம்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். சேற்றை மேய்கிற மீன்தானே? கலக்காதா?

கழிக்குப் பத்தடி இருக்கும்போது அது நின்றது.

அது அங்கேயே, அதே இடத்தில், கலங்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துவிட்ட மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத் தொண்டை கமறி இருமல் வந்துவிட்டது. இருமினேன். அவ்வளவுதான் – ஒரு திட்டு, இன்னொரு திட்டு – வந்த வழியே திரும்பிப் போயிற்று.

இரண்டு மணிக்கு நானே இறங்கிப் போய்க் கேரியரை எடுத்தேன். கனமாக இருந்தது. திறந்தேன். ஒரு பருக்கை குறையவில்லை.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் அல்லவா? ஈரப் புடவையோடு நேராக மாமியார் வீட்டுக்குப் போனேன். என்ன ஆயிற்றோ என்று சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டிலிருந்து வந்த தேவியும் வாசலில் நின்றிருந்தாள். அத்தை முன்னால் மூன்று அடுக்கையும் பிரித்து வைத்தேன்.

"பாருங்க அத்தை. நான் காவல் இருந்தேன். யாரும் வரல. யாரும் துன்னல."

அவர் சோற்றைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, வாசலைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாடி தேவி, ஒடம்பு சரியில்லயா? ஏன் துன்னல?"

தேவி முழித்தாள். "நான் ஏன் அத்தை துன்றேன்?"

"அஞ்சு வருசமா துன்னவ, இன்னிக்கி இன்னா புதுசா?"

"அய்யய்யோ! நான் மாட்டிட்டு ஷெட்டுக்குப் போயிடுவேன். நீங்கதான அப்புறமா வந்து... துன்னுட்டுக் கழுவி எடுத்துனு போவீங்க?"

"நானா?"

"உங்க மனசு ஆறட்டும்னுதான் நான் ஒண்ணும் கேக்கல. அக்காவக் கூட வேணாம்னேன். உங்களுக்கு அவமானம் ஆயிடுமேன்னு."

"நான் போவும்போதே அது கழுவித்தான்டி தொங்கும்!"

'பின்ன யாரு?' என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. குழம்பின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

அத்தை சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதா அவன் இல்லன்னு? முகத்துவாரம் கொண்டுபோனத திருப்பிக் குடுக்குமா? இவ என் கையால வாங்கித் துன்ன மாட்டா. நான் சொன்ன சொல்லு அப்படி. அவன் பேரச் சொல்லியாச்சும் இவ வவுத்துக்குப் போவட்டும்னுதான் ஆக்கிப் போட்டேன். இந்த அமாவாசைக்குச் சொல்லிடணும்னுதான் இருந்தேன். இவ வெரல நான் மட்டும் பாக்கலயா?"

தேவி வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

அத்தை என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. அது புதிதாக இருந்தது.

"நீ எங்க ஒக்காந்துனு இருந்த?"

"பனையாண்ட."

"அதான். அண்ணி பாத்துனு இருந்தா அவன் எப்டி வந்து துன்னுவான்?"

ஏழுமலைக்கு என் முன்னால் சாப்பிடக் கூச்சம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் கூடத்துக்கு வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

"போ பொன்னேரி," என்றார் அத்தை. "எழுந்து போ. இனிமே இங்க வராத. எம்புள்ள வர்ற எடம் இது."

ஐந்து வருஷமாக ஊரே பயந்தது. கொஞ்சமும் நம்பாமல் இருந்தவர் அவர். அவரை நம்ப வைத்துவிட்டு வந்தேன், பகுத்தறிவைத் தோளில் போட்டுக்கொண்டு போன நான். ஒரு பொய்யைத் தூக்கினால் அடியில் உண்மைதான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அமாவாசைக் கூட்டத்தில் தலைவர் கேட்டாராம். இந்தத் தடவை அத்தை எழுந்து போகவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னாராம்: "எம்புள்ள வருவான். பேரு இருக்கட்டும்." இனி அடுத்த மாசிக்கும் அதைத்தான் சொல்வார். தேவி ஷெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அத்தை வீட்டில் சாப்பிடுகிறாள். அத்தை பரிமாறுகிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையாம், ஏரிப் பக்கம் காது கொடுத்தபடி சாப்பிடுகிறார்களாம்.

முந்தாநாள் மறுபடியும் பாடு. சாயந்திரம் தேவி போன் செய்தாள்.

"அக்கா, கேரியர் வந்துடுச்சு."

"காலியா?"

"கழுவி இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "அக்கா... அன்னிக்கி நீ அங்க ஒண்ணுமே பாக்கலயா? நெஜமா சொல்லு. நீ ஒண்ணும் பாக்கலன்னா நானே அத்தையாண்ட பேசிப் பாக்கறேன்."

"ஒண்ணும் இல்லடி," என்றேன். எதுவானாலும் போட்டு உடைக்கிற நான்.

தேவி, நீ இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பாய் என்று தெரியும் – அத்தைக்கு மட்டும் படித்துக் காட்டிவிடாதே.