ஓடைக்கு அக்கரையில் லூர்து

போயிருக்க வேண்டியவள் நான். அனுப்பியது லூர்துவை.

இதை இந்தத் தீவில் எவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்ற துணிவில்.

மெட்ராஸில் படித்துத் தேறிக் கப்பலேறி இந்தத் தீவின் ரங்கத்துக்கு வந்தவள் நான். அம்மை குத்துவதும் பிரசவம் பார்ப்பதும் என் வேலை. மெயின்லேண்டில் வைசூரி வேகமாகப் பரவியபோது, நாடெங்கும் ஆயத்தமாக இருக்கும்படி உத்தரவு வந்தது. என் மனம் எதையும் வரிசையாகத்தான் அடுக்கும். ஒன்று, எல்லாருக்கும் தடுப்பூசி. இரண்டு, ஓடைக்கு அக்கரையில் ஒரு தனிமைக் கொட்டகை. மூன்று, நோயாளியோடு அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

அந்த மூன்றாவது...!

"முன்பே வைசூரி கண்டு பிழைத்த ஆள் வேண்டும். அவர்களை அது மறுபடி தொடாது" என்றார் டாக்டர். "உனக்கு வந்ததுண்டா?" என்று என்னையும் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன்.

பொய்! ஆறு வயதில் ஓலைக் குடிசையில், வேப்பிலைமேல், தன்னந்தனியே கிடந்தவள் நான். என் வடுக்கள் பின்கழுத்தில், கூந்தலுக்கு அடியில் இருக்கின்றன. முகத்தில் ஒன்றுகூட இல்லை.

லூர்துவுக்கோ முகமெல்லாம் தழும்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீனவப் பெண், கைக்குழந்தைக்காரி. அந்தக் குழந்தையை முதலில் ஏந்தியவை என் கைகள்.

நான் போய்க் கேட்டபோது, அவள் கணவன் சூசை வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஏட்டி, ஒன் அழகப் பாத்து சர்க்கார்லயே தேடி வந்துட்டாவளே!"

"பின்ன? இந்த மூஞ்சிக்கு சர்க்கார் வேல, பக்கா நௌக்ரி, கெடச்சிருக்குன்னு ஊரெல்லாம் சொல்லும்" என்றாள் அவள். பிறகு குரல் தாழ்ந்தது. "பிள்ளைய என்ன செய்ய, சிஸ்டர்?"

"நான் வெச்சுக்கறேன், லூர்து."

அவ்வளவுதான். அவ்வளவு எளிதாக!

கப்பலில் வந்திறங்கிய கொத்தனார் ஒருவருக்குக் கொப்புளங்கள் கண்டன. லூர்து அவரோடு படகில் ஓடையைக் கடந்தாள்.

அந்த வாரங்கள் இப்போதும் எனக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன... விடியலில் அலையாத்தி மரங்களுக்கிடையே பனிமூட்டம் நிற்கும். இக்கரையில் நான் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டுவேன். அக்கரையில், மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் சேலை மெல்ல உருவாகி வரும். கை அசையும். பிறகு அவள் பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து, கட்டிக்கொண்ட பாலை ஓடையில் பீய்ச்சி விடுவாள்.

அந்தப் பால் தண்ணீரில் கரைந்து, கரைந்து, என் காலடிக்கே வந்து சேர்வதாகத் தோன்றும். நான் பின்னால் நகர்ந்துகொள்வேன்.

ஏன் செய்தேன்? ஒன்று, அந்த ஓலை வாசனைமீது பயம். இரண்டு, தழும்புக்காரி என்று எவரும் அறியக் கூடாதென்ற வெட்கம். மூன்று... நான் கேட்டால் லூர்து மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த மூன்றாவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை!

கொத்தனார் பிழைத்தார். வேறு எவருக்கும் நோய் வரவில்லை. டாக்டர் என் ஏற்பாட்டைப் பாராட்டினார். லூர்து பழைய துணிகளை எரித்து, குளித்து, புதுச்சேலையில் வந்து கைகளை நீட்டினாள்.

குழந்தை வீறிட்டது. என் தோளில் முகம் புதைத்து, வழக்கம்போல என் பின்கழுத்து வடுக்களைப் பற்றிக்கொண்டது.

"கள்ளப்பய! என்னிய மறந்துட்டானே, சிஸ்டர்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் எங்கோ நின்றுபோனது. பாலும் வற்றியிருந்தது.

இப்போது அவன் நடக்கிறான். உண்ண, உறங்க அவளிடம் போகிறான். விழுந்து அழும்போது மட்டும் என்னைத் தேடுகிறான். அவளே தூக்கிக்கொண்டு வருகிறாள். "இந்தாங்க, ஒங்க பிள்ள!" அதில் கோபம் துளியும் இல்லை. இருந்திருக்கக் கூடாதா!

போன வாரம் மெயின்லேண்டிலிருந்து மறுபடியும் வைசூரிச் செய்தி வந்தது. கொட்டகைக்குப் புது ஓலை வேய்ந்தாயிற்று. யார் போவது என்று டாக்டர் கேட்டார்.

இன்று உண்மையைச் சொன்னால், அன்று ஏன் சொல்லவில்லை என்று லூர்து கேட்பாள் அல்லவா...

"லூர்து இருக்கிறாள்" என்றேன்.